இருட்டில் பேசக் கூடாது

கொல்லன் அன்றைக்கும் நான்கு பேரையும் அடித்துப் போட்டுவிட்டுத் தன் பட்டறைக் கல்லின் மேல் போய் உட்கார்ந்துகொண்டான். திரை மங்கி, மீண்டும் முயல்கிறீர்களா என்று கேட்டது. ரொம்ப மரியாதையாகத்தான் கேட்கும். ஆனாலும் அதில் ஒரு நக்கல் இருப்பதாக மெக்கானிக்குக்குத் தோன்றாத நாளில்லை.

"முதல்ல விழுந்தது யாரு?" என்று காதுக்குள் கேட்டார் மீசை.

"முதல் என்ன, கடைசி என்ன. எல்லாரும் ஒரே அடில," என்றார் மெக்கானிக்.

"ஒளித்திரை விழல மாமா," என்றான் மைத்துனன்.

"போட்டேனேடா," என்றாள் அவனுடைய அக்கா.

"போட்டக்கா. நாங்க செத்ததுக்கு அப்புறம் போட்ட. பொணத்துக்குப் போத்திவிட்ட மாதிரி."

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்கிற கட்டத்தை எல்லாம் எப்போதோ தாண்டியாயிற்று.

விளையாட்டு என்று பேர்தான். கொல்லன் ஒரு வீடியோ கேமில் வருகிற இரும்பு ராட்சசன். நான்கு பேர் தத்தம் வீட்டிலிருந்து, காதில் ஹெட்செட்டும் வாயருகே மைக்கும் மாட்டிக்கொண்டு, சேர்ந்து ஆடினால்தான் அவனை வீழ்த்த முடியும். ஒருவர் மட்டும் கெட்டிக்காரராக இருந்து பிரயோஜனமில்லை. நாலில் ஒருவர் தடுமாறினால் நாலு பேருக்கும் சாவு. கோடை தொடங்குவதற்கு முன்னால் அவனிடம் போனவர்கள். இப்போது கோடைக்கே அலுத்துப்போய் அது கிளம்பப் பார்க்கிறது. இவர்கள் மட்டும் இன்னும் அவனிடம் அடி வாங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

ஊர் உலகமெல்லாம் வேலைக்குப் போய் முதல் டீயைக் குடிக்கிற நேரத்தில்தான் இவர்களுடைய ஆட்டம் நடக்கும். வேறு நேரம் கிடையாது. மெக்கானிக்குக்கு நகரப் பேருந்துப் பணிமனையில் இரவு வேலை. பகலெல்லாம் ஓடிக் களைத்து வருகிற வண்டிகளுக்கு அடியில் படுத்துக்கொண்டு, பிரேக்கைக் கழற்றிப் பார்த்து மாட்டி, விடிவதற்குள் மறுபடி ஓட்டத்துக்கு அனுப்ப வேண்டும். வீட்டுக்கு வந்து எத்தனை சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் நகக்கண்ணில் கறுப்பு போகாது. அவர் மனைவிக்குச் சலவைக்கூடத்தில் மதியம் தொடங்குகிற வேலை. அவர் வந்து அவள் கிளம்புவதற்கு நடுவில் இருக்கிற காலைப் பொழுதுதான் இருவருக்கும் பொதுவானது. மைத்துனன் வேறொரு ஊரில் ரொட்டிக் கூடத்தில் மாவு பிசைகிறவன். ஊர் எழுந்திருக்கும்போது அவன் வேலையை முடித்துவிடுவான். மீசை ஏதோ ஒரு ஆஸ்பத்திரியில் இரவு முழுக்க லிஃப்ட்டுகளைப் பார்த்துக்கொள்கிறவர். அவரை யாரும் நேரில் பார்த்ததில்லை. கேமில் அவருடைய ஆளுக்குப் பெரிய மீசை இருப்பதால் அந்தப் பேர் வந்தது. தனக்கு மீசையே சரியாக முளைக்காது என்று அவரே ஒருநாள் சொல்லியிருக்கிறார்.

மெக்கானிக் கூடத்தில், டிவிக்கு முன்னால். அவர் மனைவி உள்ளறையில், தம்பி கொடுத்த பழைய லேப்டாப்பில். ஒரே அறையில் உட்கார்ந்தால் ஒருவர் பேசுவது மற்றவர் மைக்கில் புகுந்து எதிரொலித்து எல்லோருக்கும் காது கிழிகிறது என்பதால் இந்த ஏற்பாடு. இருவருக்கும் நடுவில் ஒரு சுவர். மெக்கானிக் கேடயம் பிடிப்பார், உத்தரவும் போடுவார். மைத்துனனிடம் வில். மீசையிடம் வாள். அவள் வைத்தியக்காரி. அடிபட்டவர்களைத் தேற்றுவதும், கடைசிக் கட்டத்தில் எல்லோருக்கும் மேலே ஒளித்திரை போடுவதும் அவள் பொறுப்பு.

கொல்லனைப் படிப்பது லேசில்லை. முதல் கட்டத்தில் அவன் சுத்தியலைத் தூக்கும்போது தரையில் ஒரு பக்கம் சிவக்கும். சிவந்த பக்கத்திலிருந்து ஓட வேண்டும். இதற்கே ஆரம்பத்தில் மீசை தவறாமல் சிவந்த பக்கமே ஓடி நின்றார்.

"வலது பக்கம்னு சொன்னேன்ல?"

"என் வலதா, கொல்லன் வலதா அண்ணே? அவன் என்னைப் பாத்துல்ல நிக்குறான்."

அதற்குப் பிறகு வலது இடது என்ற பேச்சையே எடுத்துவிட்டு, வாசல் பக்கம், உலைப் பக்கம் என்று பேர் வைத்துக்கொண்டார்கள். இரண்டாம் கட்டத்தில் இரண்டு பேர் இரண்டு துருத்திகளின் மேல் ஒரே நேரத்தில் குதிக்க வேண்டும். இம்மியளவு முன்பின் ஆனாலும் உலை வெடிக்கும். மாமனுக்கும் மச்சானுக்கும் அது ஒத்தே வரவில்லை. கடைசியில் மெக்கானிக், பணிமனையில் கியர்பாக்ஸைத் தூக்கும்போது ஆட்கள் சொல்கிற மாதிரி "ஆங்... விடு" என்று சொல்லிப் பார்த்தார். அன்றிலிருந்து ஒத்து வந்தது. உடம்பால் வேலை செய்கிறவர்களுக்கு உடம்பு வழியாகத்தான் எதுவும் படியும் போலிருக்கிறது.

மூன்றாம் கட்டத்தில் கொல்லன் உலையை அணைத்துவிடுவான். கும்மிருட்டு. சுத்தியலை ஓங்குவது தெரியாது. ஓங்குவதற்குச் சற்று முன்னால் கண்ணாடியை ஊசியால் தொட்டது போல, மெல்லியதாக, கீச்சென்று ஒரு சத்தம் கேட்கும். அது கேட்ட மாத்திரத்தில் வைத்தியக்காரி திரையைப் போட வேண்டும். முந்திப் போட்டால் அடி விழுவதற்குள் திரை கரைந்துவிடும். பிந்திப் போட்டால் மைத்துனன் சொன்ன போர்வைதான்.

முதலில் அந்த இருட்டில் எல்லோரும் ஆளுக்கு ஆள் கத்திக்கொண்டிருந்தார்கள். எங்கே இருக்கான், இதோ வரான், போடு போடு என்று ஒரே சந்தைக் கூச்சல். அந்தக் கூச்சலில் அவள் சில தடவை சரியாகவும் போட்டிருக்கிறாள். ஆனால் மெக்கானிக்குக்கு அது பிடிக்கவில்லை. வேலை என்றால் ஒரு ஒழுங்கு வேண்டும் அவருக்கு.

"இனிமே இருட்டுல யாரும் பேசக் கூடாது," என்று சட்டம் போட்டார். "மூச்சு விடுற சத்தம்கூட வேண்டாம். அவளுக்கு அந்தச் சத்தம் கேக்கணும்."

அவளுக்காகப் போட்ட சட்டம் அது. எல்லோரும் கட்டுப்பட்டார்கள். அன்றிலிருந்து ஒரு தடவைகூட அவள் திரையைச் சரியாகப் போடவில்லை. இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

இந்த வீட்டில் பேச்சு நின்று ரொம்ப நாளாகிறது. சண்டையெல்லாம் இல்லை. சண்டையாக இருந்திருந்தால் தேவலை. அதற்கு ஒரு காரணம் இருந்திருக்கும், சமாதானமும் இருந்திருக்கும். இது தானாக வந்து குடியேறிய மௌனம். அவர் கூடத்திலிருந்து டீ இருக்கா என்று கேட்பார். சமையலறையில் அவள் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பாள், பதில் வராது. சட்டை எங்கே என்று கேட்பார், வராது. பணிமனையில் புதிதாக வந்த மேலாளர் செய்கிற கூத்தை வந்து சொல்வார். பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே 'உம்' என்பாள். சிரிக்க வேண்டிய இடத்திலும் 'உம்', வருத்தப்பட வேண்டிய இடத்திலும் 'உம்'. எதற்குக் கோபம் என்று அவர் வண்டிக்கு அடியில் படுத்தபடி யோசித்துப் பார்த்திருக்கிறார். மறந்துபோன விசேஷ நாள் ஏதாவதா, அவள் அம்மா வீட்டைப் பற்றி ஏதாவது வாய் தவறிச் சொல்லிவிட்டோமா என்று. ஒன்றும் அகப்படவில்லை. அதற்கப்புறம் அவருக்கும் ரோஷம் வந்துவிட்டது. கேட்டால் பதில் சொல்ல மாட்டாள், நாம் மட்டும் ஏன் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்த வேண்டும் என்று விட்டுவிட்டார். சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு அவள் போவாள். அதைத் திறந்து சாப்பிட்டுவிட்டு இவர் தூங்குவார். அடுப்பில் வைத்த டைமர் அலறிக்கொண்டே இருக்கும், அவள் பக்கத்திலேயே நின்றிருப்பாள், தூக்கத்திலிருந்து இவர் எழுந்து வந்து அணைப்பார். திமிர்தானே இது, வேறென்ன என்று நினைத்துக்கொள்வார்.

ஒரே ஒரு அதிசயம், கேமில் மட்டும் அவள் பேசுவாள். கேட்டதற்கு உடனே பதில் வரும். தம்பியை வாருவாள். மீசையைக் கிண்டல் செய்வாள். ஒருநாள் மெக்கானிக் சொன்ன மேலாளர் கதைக்கு விழுந்து விழுந்து சிரித்தாள். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சிரிப்பு ஒரு தடவையும், ஹெட்செட் வழியாக ஒரு தடவையும் கேட்டது. நாலு பேர் முன்னால் என்றால் நன்றாகத்தான் நடிக்கிறாள் என்று அவருக்கு மனசு கசந்தது. அந்தக் கதையை அதற்கு முன்பே சமையலறையில் அவளிடம் சொல்லியிருந்தார்.

எத்தனை களைப்பாக இருந்தாலும் அவள் ஒரு நாளும் ஆட்டத்தைத் தவற விட்டதில்லை. மற்ற மூன்று பேரும் வருவதற்கு முன்பே ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவளுக்கு வீடியோ கேம் மேல் அப்படி ஒன்றும் மோகம் கிடையாது என்பது அவருக்குத் தெரியும். பிறகு ஏன் என்பது தெரியாது.

ஒரு நாள், அவள் குளிக்கப் போன பிறகு, மீசை தொண்டையைச் செருமினார்.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க."

"சொல்லுங்க."

"எங்க ஆஸ்பத்திரில எக்ஸ்ரே எடுக்குற பொண்ணு ஒண்ணு இருக்கு. இதே கேம்தான் ஆடுது. வைத்தியக்காரிதான். கொல்லனை ஏற்கெனவே முடிச்சிருக்கு."

மெக்கானிக் உள்ளறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"அண்ணிய குறை சொல்லல. அவங்க முன்னாடி ரெண்டு கட்டத்துலயும் என்னைத் தூக்கி நிறுத்துனதுக்கு நான் கோயில் கட்டணும். இருட்டு மட்டும்தான் அவங்களுக்கு வரல. நானும் நைட் பூரா லிஃப்ட்டுக்குள்ள நின்னுட்டு வந்து உக்காருறேன். தினம் செத்துட்டுத் தூங்கப் போறது நல்லாவா இருக்கு?"

"நீ என்னப்பா சொல்ற?" என்று மெக்கானிக் மைத்துனனைக் கேட்டார்.

"எனக்கு அக்கா. நான் என்ன மாமா சொல்றது," என்றான். "ஆனா அவ கவனிக்கிறதே இல்ல மாமா. அத்தன தெளிவா சத்தம் வருது. எனக்கு மாவு மெஷின் ஓடுன காதுக்கே கேக்குது. அவ பாட்டுக்கு எங்கயோ நெனப்பா இருக்கா. வேணும்னா ஒரு தடவ மட்டும் அந்தப் பொண்ண வச்சு முடிச்சிட்டு, அப்புறம் அக்காவை..."

"சரி. நானே சொல்றேன்," என்றார். வேலையிடத்தில் ஆளை மாற்றுவது அவருக்குப் புதிதல்ல. வீட்டில் அதை எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. இந்த வீட்டில் அவளுக்குப் பிடித்தது என்று மிச்சமிருக்கிற ஒன்றையும் பிடுங்கிக்கொள்கிற மாதிரி இருந்தது. திமிர் பிடித்தவளாகவே இருந்தாலும் அது பாவம்தான். அவளுடைய விடுமுறை நாளுக்குத் தள்ளிப் போட்டார்.

விடுமுறை நாளில் அவள் வீட்டுத் துணிகளைத் துவைத்தாள். ஊராருடைய விரிப்புகளை வாரமெல்லாம் வெளுத்துவிட்டு, மிச்சமிருக்கிற கையால் தன் வீட்டுத் துணி. வெளியே காற்றே இல்லை. கொடியில் போட்ட துணி அசையாமல் நின்றது. மெக்கானிக் தூங்காமல் அவள் பின்னால் அங்கும் இங்கும் நடந்தார். பிறகு உள்ளறையில் அவள் லேப்டாப்புக்கு முன்னால் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து விசித்திரமாகப் பார்த்தாள்.

"என்ன, நீங்க இங்க?"

"சும்மாதான். கேம்ல பயிற்சின்னு ஒண்ணு இருக்குல்ல, அதுல மூணாம் கட்டத்தை மட்டும் பழகிப் பாக்கலாம். அவங்க ரெண்டு பேரும் வேண்டாம். நீயும் நானும்."

நேராகச் சொல்ல வாய் வரவில்லை என்பதே நிஜம். பழக்கிப் பார்ப்போம், வந்துவிட்டால் சொல்லவே வேண்டாமே என்று ஒரு நப்பாசை. இருவருக்கும் கேட்கட்டும் என்று ஹெட்செட்டைப் பிடுங்கிவிட்டு ஸ்பீக்கரில் வைத்தார். அப்போது அவள் முகம் மாறியதை அவர் கவனித்தார். ஆனால் அர்த்தம் பண்ணிக்கொள்ளவில்லை.

உலை அணைந்தது. லேப்டாப் திரை கறுத்தது. 'கீச்' என்று அந்தச் சத்தம் வந்தது. தெளிவாகத்தான் வந்தது. அவள் கட்டைவிரல் கன்ட்ரோலர் பொத்தானின் மேல் அப்படியே இருந்தது. சுத்தியல் விழுந்தது.

"கவனமா கேளு."

"ம். கேக்குறேன்."

மறுபடி இருட்டு. மறுபடி சத்தம். இந்தத் தடவை விரல் அழுந்தியது, சற்றுப் பிந்தி. மூன்றாம் தடவையும் அதே மாதிரி பிந்தி. நான்காம் தடவை அவர் திரையைப் பார்க்காமல் அவளைப் பார்த்தார். அவளும் திரையைப் பார்க்கவில்லை. ஓரக்கண்ணால் அவருடைய முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்கும்போதெல்லாம் அவர் முழங்கால் தன்னையறியாமல் துள்ளியிருக்கிறது. அதைப் பார்த்துத்தான் பொத்தானை அழுத்தியிருக்கிறாள்.

அடுத்த தடவை அவர் காலைத் தரையில் அழுத்தி வைத்துக்கொண்டார். சத்தம் வந்தது. விரல் அசையவே இல்லை.

அவர் எழுந்து போய் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். கொடியில் தொங்குகிற தன் சட்டையைப் பார்த்துக்கொண்டு, எப்போதும் பேசுகிற குரலில், "நான் இன்னையோட வேலைய விடப் போறேன்," என்றார்.

எந்தப் பெண்சாதியும் தூக்கிவாரிப்போட்டு எழுந்திருக்கிற வார்த்தை அது. முதுகுக்குப் பின்னாலிருந்து அவள் சொன்னாள்: "இன்னொரு தடவ போடுங்க. இந்தத் தடவ கண்டிப்பா பிடிச்சிடுவேன்."

அவர் திரும்பி வந்து நாற்காலியை அவளுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார். முகத்துக்கு நேராகக் கேட்டார்.

"உனக்கு அந்தச் சத்தம் கேக்கலையா?"

"எது?"

"இருட்டுல வருதே, அது."

அவள் கையிலிருந்த கன்ட்ரோலரை மேசைமேல் வைத்தாள்.

"எப்ப இருந்து?"

"தெரியல. முதல்ல குருவிச் சத்தம் நின்னுபோச்சு. குருவிங்கதான் இல்லாம போயிடுச்சுன்னு நெனச்சேன். அப்புறம் ஒருநாள் ஜன்னல்ல ஒண்ணு உக்காந்து வாயத் தொறந்து தொறந்து மூடுது. எனக்கு ஒண்ணும் கேக்கல."

"டாக்டர்கிட்ட போனியா?"

"போனேன். மெஷின் சத்தம் காதைத் தின்னுடுச்சாம். போனது போனதுதானாம். காதுல ஒண்ணு மாட்டிக்கச் சொன்னாங்க. மாட்டுனா வேலைல தெரிஞ்சிடும்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா மெஷின்ல நிக்காதன்னு சொல்லுவீங்க."

அவள் நிற்கிற இயந்திரத்தை அவர் பார்த்திருக்கிறார். ஆள் உயரத்துக்குக் கொதிக்கிற உருளை. ஈர விரிப்பின் நுனியை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்து அதற்குள் ஊட்ட வேண்டும். மறுபக்கம் அது சுருக்கமில்லாமல் வெளியே வரும். துணி சிக்கினால் உருளையை நிறுத்திக் கையை விட்டு எடுப்பார்கள். மறுபடி ஓடுவதற்கு முன்னால் ஒரு எச்சரிக்கை ஒலி வரும். கீச்சென்றுதான் வரும்.

"அந்த பீப் சத்தம் கேக்குதா உனக்கு?"

"லைட்டும் எரியும். லைட்டப் பாத்துக்குவேன்."

"சிக்குன துணிய எடுக்கும்போது நீ கையப் பாப்பியா, லைட்டப் பாப்பியா?"

சலவைக்கூடத்தில் உருளையில் நிற்கத் தெரிந்தவர்களில் அவளை மிஞ்ச ஆளில்லை. புதிதாக வருகிறவர்களை அவளிடம்தான் விடுவார்கள். உருளையிலிருந்து எடுத்தால் பின்பக்கத்தில் துணி மடிக்கிற மேசை. வயசானவர்களையும் ஆகாதவர்களையும் அங்கேதான் தள்ளி வைப்பார்கள். இதெல்லாம் அவருக்கும் தெரியும். அதனால் கோபமாகத் தொடங்கியவரால் கோபத்தை இழுத்துப் பிடிக்க முடியவில்லை.

"நான் கூப்புட்டா நீ திரும்ப மாட்ட," என்றார். "உனக்கு எம்மேல என்னமோ கோவம்னே நெனச்சிட்டிருந்தேன்."

அவள் அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்து முடித்துவிட்டுச் சொன்னாள். "நீங்க பேசுறதையே விட்டுட்டீங்கன்னு நான் நெனச்சேன். வெறுத்துப் போச்சுன்னு."

இருவருக்கும் அழுகை வரவில்லை. அழுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும். இத்தனை நாளை ஆளுக்கொரு பக்கமாக வீணடித்திருக்கிறோமே என்று அவருக்குத் தன் மேலேயே ஆத்திரமாக வந்தது.

"வேலைல சொல்லிடு."

"சொல்றேன்."

"சொல்றேன்னா எப்ப?"

"சொல்றேன்னு சொன்னேன்ல." எழுந்து வாசல் வரை போனவள் திரும்பினாள். "கேம்லேர்ந்து என்னை எடுக்கச் சொல்றாங்களாம், தம்பி சொன்னான். அதானே இன்னைக்கு வந்து உக்காந்தீங்க? எடுத்துடாதீங்க."

"கை போயிடுமேன்னு நான் கெடந்து துடிக்கிறேன். உனக்கு கேம்தான் பெருசா?"

அதற்கு அவள் ஒன்றும் சொல்லாமல் துணி எடுக்கப் போய்விட்டாள். கேட்கவில்லையா, கேட்டும் சொல்லவில்லையா என்று தெரியாமல் அவர் அங்கேயே உட்கார்ந்திருந்தார். இனிமேல் ஒவ்வொரு தடவையும் இந்தச் சந்தேகம் வரும் என்று நினைக்கவே அலுப்பாக இருந்தது.

மறுநாள் ஆட்டத்தில் அவர் மற்றவர்களிடம் விவரம் எதுவும் சொல்லவில்லை. அவள் தலையை வேண்டாம் என்று ஆட்டியிருந்தாள்.

"இருட்டுல பேசக் கூடாதுன்னு நான் போட்ட சட்டம் தப்பு," என்றார். "இனிமே நான் பேசுவேன். நீங்க ரெண்டு பேரும் வாயத் தொறக்காதீங்க."

"இது நல்லா இருக்கே," என்றார் மீசை. "சட்டம் போட்டவருக்கு மட்டும் சட்டம் கிடையாதா?"

"எக்ஸ்ரே பொண்ணு?" என்றான் மைத்துனன், மெதுவாக.

"எக்ஸ்ரேயும் வேண்டாம், ஊசியும் வேண்டாம். என் பொண்டாட்டி போடுவா," என்றார் மெக்கானிக்.

அது அப்படி ஒன்றும் சுலபத்தில் நடக்கவில்லை. 'இப்பப் போடு' என்று சொல்லி முடிப்பதற்குள் சுத்தியல் விழுந்துவிட்டது. 'போடு' என்று குறைத்தார். அதுவும் பத்தவில்லை. மீசை பெருமூச்சு விடுவது மைக்கில் புயல் மாதிரி கேட்டது. நாலைந்து காலைகள் இப்படியே போயின. வானம் மூடிக்கொண்டு, பெய்யாமல், புழுக்கம் இன்னும் மோசமானது. பணிமனையில் வண்டிக்கு அடியில் படுத்திருக்கும்போது, எந்தச் சத்தம் சீக்கிரமாகப் போய் அவளுக்குள் விழும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தார். பக்கத்து வண்டிக்காரன் எட்டிப் பார்த்து, "என்னண்ணே, பாட்டா?" என்றான்.

வீட்டில் அவளைக் கூப்பிட அவருக்கு ஒரே எழுத்துதான் வழக்கம். 'மா' என்பார். கூப்பிட்டுத் திரும்பாமல் போய், கூப்பிடுவதையே விட்டிருந்தார். அன்றைக்கு உலை அணைந்து, அந்தக் கீச்சென்ற சத்தம் வந்ததும், யோசிக்காமல் அதுதான் வாயில் வந்தது.

"மா."

திரை விழுந்தது. சுத்தியல் அதன் மேல் மோதிச் சிதறியது. நான்கு பேரும் உயிரோடு நின்றுகொண்டிருந்தார்கள். அடுத்து என்ன செய்வது என்றே அவர்களுக்குத் தெரியவில்லை. இதுவரை வந்து பழக்கமில்லாத இடம் அது.

"அடிங்கப்பா, நின்னுகிட்டிருந்தா எப்படி," என்றாள் அவள்.

மறுபடி இருட்டு. "மா." திரை. மறுபடி. "மா." மைத்துனனுடைய அம்பும் மீசையின் வாளும் மாறி மாறி விழுந்தன. கடைசியில் கொல்லன் தன் பட்டறைக் கல்லின் மேலேயே குப்புற விழுந்து, துண்டு துண்டாகப் போய், புகையாக எழும்பினான்.

யாரும் கத்தவில்லை. மீசைதான் முதலில் பேசினார்.

"முடிஞ்சதா?"

"முடிஞ்சது," என்றார் மெக்கானிக்.

"அப்பாடா. இனிமே காலைல மனுஷன் மாதிரி படுத்துத் தூங்கலாம். அண்ணி, உங்க கால் எங்கன்னு சொல்லுங்க, விழுந்துடுறேன்."

"அக்கா, சூப்பர்க்கா," என்றான் தம்பி. "மாமா, ஒரு மாசத்துக்கு யாரும் என்னைக் கூப்புடாதீங்க. இந்த மூஞ்சிங்களைப் பாத்தாலே தூக்கம் வருது."

இருவரும் அடுத்தடுத்துப் போனார்கள். திரையில் இருந்த நான்கு பெயர்களில் இரண்டு அணைந்தன. மெக்கானிக் ஹெட்செட்டைக் கழற்றக் கையைத் தூக்கினார்.

"கழட்டிட்டீங்களா?" என்று காதுக்குள் கேட்டது.

"இல்ல. கழட்டப் போறேன்."

"கொஞ்சம் இருங்க."

இருந்தார். மழை மெதுவாகத் தொடங்கியிருந்தது. துணி கொடியில் இருக்கிறதா என்று ஒரு கணம் யோசித்தார்.

"நேத்து சூப்பர்வைசர்கிட்ட சொல்லிட்டேன்," என்றாள்.

"என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. கையுறைய வாங்கி வச்சுக்கிட்டாரு. மடிக்கிற மேசைக்குப் போகச் சொன்னாரு. அங்க ஸ்டூல் இருக்கு. இத்தன வருஷத்துல முதல் தடவையா உக்காந்து வேல பாத்தேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "அழுகையா வந்துச்சு. அடக்கிட்டேன். காதுக்கு அளவெடுக்க அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்காங்க. நீங்களும் வாங்க."

"வரேன். காலைல நான் வந்ததுமே ஏன் சொல்லல? வீட்டுலதானே இருந்தேன்."

"வீட்டுல சொன்னா, நீங்க என்னமோ பதில் சொல்லுவீங்க. அதுல பாதி எனக்குக் கேக்காது. திருப்பித் திருப்பி என்ன என்னன்னு கேக்கணும். இல்லேன்னா புரிஞ்ச மாதிரி தலையாட்டணும்." அவள் குரல் தெளிவாக, ரொம்பப் பக்கத்தில் இருந்தது. "இதுல சத்தத்தை முழுசா ஏத்தி வச்சிருக்கேன். நீங்க பேசுறது எனக்கு முழுசா கேக்குறது இதுல மட்டும்தான். அதுக்குத்தான் தினம் முன்னாடியே வந்து உக்காந்துருந்தேன். கொல்லனை முடிச்சிட்டா எல்லாரும் போயிடுவீங்களேன்னு பயமாவும் இருந்துச்சு."

மெக்கானிக்கின் கண்ணில் நீர் தானாக வழிந்தது. இத்தனை காலையும் இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் அவள் நம் குரலுக்காகத் தூக்கத்தை விட்டு உட்கார்ந்திருக்கிறாள், நாம் அவளைத் திமிர் பிடித்தவள் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறோம். எழுந்து உள்ளே போய் அவள் பக்கத்தில் உட்கார வேண்டும் போல இருந்தது. பாதி எழுந்தும்விட்டார். ஆனால் ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு உள்ளே போனால் அவர் போவார், குரல் கூடவே வராது. திரும்ப உட்கார்ந்துகொண்டார்.

"இருக்கீங்களா?"

"இருக்கேன் மா."

"ஏதாவது பேசுங்க."

"என்ன பேசுறது?"

"டிப்போல நடக்குறது எதையாவது. எனக்கு ஒண்ணுமே தெரியாதுல்ல. எல்லாத்தையும் சொல்லுங்க."

அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு மைக்கை வாய்க்கு இன்னும் கிட்டே இழுத்தார். முந்தின இரவு கதவு மூடவே மாட்டேன் என்று அடம்பிடித்த ஒரு பேருந்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார்.